தவக்காலத்தில் குடிக்காதவன்

வலிப்பு வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்பட்டவனிடம் வரிசையாகச் சில கேள்விகள் கேட்பார்கள். சர்க்கரை உண்டா, ரத்தக் கொதிப்பு உண்டா, இதற்கு முன் இப்படி வந்திருக்கிறதா, குடிப்பழக்கம் உண்டா. கடைசிக் கேள்விக்கு நான், “இல்லைங்க டாக்டர்” என்றேன். என் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்ற என் மனைவி ஸ்டெல்லாவும், “இல்லைங்க” என்றாள். டாக்டரம்மா அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

நாங்கள் இருவரும் பொய் சொல்லவில்லை. இதில் எரிச்சலான விஷயமே அதுதான். அன்று வெள்ளிக்கிழமை. இரண்டு நாள் முன்புதான் சாம்பல் புதன் வந்து தவக்காலம் தொடங்கியிருந்தது. தவக்காலத்தில் நான் குடிக்க மாட்டேன். புதன்கிழமை காலையில் நெற்றியில் சாம்பல் வாங்கியதிலிருந்து ஒரு சொட்டு தொடவில்லை. எனவே இல்லை என்றோம். இல்லாத ஒன்றைப் பற்றி டாக்டரிடம் எதற்குப் பேச வேண்டும்?

எங்கள் வீட்டில் தவக்காலத்தை விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. ஈஸ்டர் வரை கறி, மீன் கிடையாது. ஸ்டெல்லாவுக்கு சீரியல் கிடையாது. மகள் ஜெனிக்கு ஐஸ்கிரீம் கிடையாது. எனக்கு மது கிடையாது. கல்யாணம் ஆனதிலிருந்து ஒரு வருடம்கூட நான் தவறியதில்லை. கே.கே. நகரில் எங்கள் தெருவில் இருக்கும் கத்தோலிக்கக் குடும்பங்களில் மருமகன்களுக்கு உதாரணமாக என்னைத்தான் காட்டுவார்கள். “அருளைப் பாருங்க, நாப்பது நாள் தொடறதே இல்ல” என்று என் மாமியார் போவோர் வருவோரிடமெல்லாம் சொல்வார். நானும் எனக்குள் அதையே சொல்லிக்கொள்வேன். குடிகாரனால் நாற்பது நாள் இருக்க முடியுமா? முடியாது. என்னால் முடிகிறது. ஆகவே நான் குடிகாரன் இல்லை. ஒரு கல்லூரி அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருப்பவன் நான். கோப்புகளில் எத்தனையோ ஓட்டைகளைக் கண்டுபிடித்திருக்கிறேன். இதில் இருந்த ஓட்டை மட்டும் கண்ணில் படவில்லை.

தவக்காலத்தின் முதல் வாரம் எப்போதும் எனக்குக் கஷ்டமாக இருக்கும். கை நடுங்கும். வேர்த்துக் கொட்டும். தூக்கம் வராது. ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருக்கும் களைப்பு என்று ஸ்டெல்லா கஞ்சியில் உப்பு கூடப் போட்டுக் கொடுப்பாள். நானோ அதை ஆண்டவருக்காகப் படும் பாடு என்று நினைத்துக் கொஞ்சம் பெருமைகூடப் பட்டேன். இந்த முறை வெள்ளிக்கிழமை மாலை கோவிலில் சிலுவைப்பாதை நடந்தது. பதினான்கு நிலைகளில் ஏழாவது, இயேசு இரண்டாம் முறை கீழே விழுவது. அவர் இரண்டாம் முறை விழுந்த இடத்தில் நான் முதல் முறையாக விழுந்தேன். பக்தி முற்றிவிட்டது என்று சிலர் நினைத்தார்களாம். கையும் காலும் வெட்டி இழுத்து வாயில் நுரை வந்த பிறகுதான் ஆட்டோ தேடி ஓடினார்கள்.

இதற்குப் பிறகு நான்கு நாட்கள் எனக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கின்றன. ஸ்டெல்லாவும் அவள் தம்பியும் நர்ஸும் சொன்னதைச் சேர்த்துத்தான் இங்கே எழுதுகிறேன்.

தலையை சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் கட்டியோ ரத்தக் கசிவோ இருக்கிறதா என்று பார்ப்பது. ஒன்றுமில்லை. ரத்தத்தில் சர்க்கரை சரி, உப்புச் சத்து மட்டும் கொஞ்சம் குறைவு. ஒவ்வொரு முடிவுக்கும் ஸ்டெல்லா கீழே பரிசோதனைக்கூடத்துக்கு வெளியே போட்டிருந்த இரும்பு நாற்காலியில் காத்திருந்தாள். அந்த நாற்காலிகள் நான்கும் ஒரே கம்பியில் பொருத்தியவை. ஒருவர் எழுந்தால் மற்ற மூவரும் ஆடுவார்கள். “நல்ல ரிசல்ட் வந்தா ஆட்டம் பெருசா இருக்கும். எழுந்திரிக்கற வேகத்துலயே தெரிஞ்சிடும்” என்று அவள் பின்னால் சொன்னாள்.

சனிக்கிழமை இரவு நான் வேறு ஆளாகிவிட்டேன். சுவரில் எறும்பு என்று கத்தினேனாம். கையில் குத்தியிருந்த ஊசியைப் பிடுங்கி எறிந்தேனாம். வார்டை பஸ் என்று முடிவு செய்துகொண்டு, “முசிறி ஒண்ணு குடுங்க” என்று நர்ஸிடம் டிக்கெட் கேட்டேனாம். முசிறியில் எனக்கு யாருமே இல்லை. அந்தப் பெண் கொஞ்சமும் அசராமல், “குடுத்தாச்சு அண்ணா. முசிறி வந்ததும் நானே எழுப்பறேன், படுங்க” என்றிருக்கிறாள். அந்தப் பதில் இன்றைக்கும் எனக்கு இனிக்கிறது. அடுத்து நான் வீட்டில் பாட்டில் ஒளித்து வைத்திருக்கும் இடங்களை ஒவ்வொன்றாகச் சத்தம் போட்டுச் சொன்னேன். பரணில் கிறிஸ்துமஸ் குடில் பெட்டி, அதில் மாட்டு பொம்மைக்குப் பின்னால். டிசம்பர் வரை யாரும் அதைத் திறக்க மாட்டார்கள் அல்லவா. ஸ்டெல்லா உளறல் என்றே நினைத்தாள். சாயங்காலம் இரண்டு கிளாஸ், அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்த என் குடி.

ஞாயிற்றுக்கிழமை காய்ச்சலும் வந்தது. மூளைக்காய்ச்சலாக இருக்கலாம் என்று டாக்டரம்மாவுக்குச் சந்தேகம். முதுகுத்தண்டில் ஊசி செலுத்திக் கொஞ்சம் நீர் எடுத்துச் சோதிக்க வேண்டும், கையெழுத்துப் போடுங்கள் என்று ஸ்டெல்லாவிடம் தாளை நீட்டினார். அப்போது அங்கே நின்ற ஜெனி வாயைத் திறந்தாள். அவளுக்கு அப்போது பதினாறு வயது, பதினொன்றாம் வகுப்பு. அவள் சொன்ன இரண்டே வாக்கியங்களில் எல்லாம் மாறிவிட்டது. டாக்டரம்மா ஸ்டெல்லாவைத் தனியே அழைத்துப் பேசிவிட்டு மருந்தை மாற்றினார். குடியை நிறுத்தியதால் வரும் கொந்தளிப்பை மெதுவாக இறக்கும் மருந்து ஒன்று, அதோடு மஞ்சள் நிறத்தில் வைட்டமின் சொட்டு. செவ்வாய்க்கிழமை மதியம் கண் விழித்தேன். ஸ்டெல்லா என் கால் நகங்களை வெட்டிக்கொண்டிருந்தாள். “என்ன பண்றே?” என்றேன். “சும்மா உக்காந்திருக்கேனே, இதையாவது செய்வோம்னு. ஆட்டாதீங்க” என்றாள். அவள் கண் சிவந்திருந்தது. ஆனால் திட்டவில்லை. திட்டுவதற்கு ஆள் முழுதாகத் திரும்பட்டும் என்று காத்திருந்திருக்கிறாள். வியாழக்கிழமை திட்டினாள்.

டாக்டரம்மா கட்டில் ஓரத்தில் நின்று எனக்கு விளக்கினார்.

“டூவீலர் ஓட்டுவீங்கல்ல சார்? தினமும் குடிக்கறது பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டே ஓட்டற மாதிரி. வண்டி நகரணுமேன்னு மூளை ஆக்சிலரேட்டரை முறுக்கிக்கிட்டே இருக்கும். வருஷக்கணக்கா. ஒருநாள் திடீர்னு பிரேக்கை மட்டும் விட்டுட்டா என்ன ஆகும்?”

“அப்ப குடிச்சதால வரலையா டாக்டர்?”

“சட்டுனு நிறுத்தினதால வந்துச்சு. ஒவ்வொரு வருஷமும் சட்டுனு நிறுத்தியிருக்கீங்க. ஒவ்வொரு தடவையும் அடுத்த தடவை இன்னும் மோசமா வரும். தினம் குடிக்கறவங்க விடணும்னா எங்ககிட்ட வந்து, மருந்தோட விடணும் சார். இத்தனை தவக்காலம் நீங்க தப்பிச்சதே பெருசு.”

என் புண்ணியக் கணக்கு முழுவதும் அந்த ஒரு நிமிடத்தில் கவிழ்ந்தது. இதைப் படிக்கிறவர் வீட்டில் வருடத்துக்கு ஒருமுறை விரதம் என்று குடியை நிறுத்தும் ஆள் இருந்தால், தயவுசெய்து டாக்டரிடம் மறைக்காதீர்கள். விரதத்தில் இருக்கிறார் என்பது பதில் ஆகாது.

அங்கிருந்து என்னை நேரே குடிநோய் சிகிச்சை மையத்துக்கு அனுப்பினார்கள். முப்பது நாளுக்கும் கொஞ்சம் மேல். என் அறைத் தோழர் வரதன், ஸ்ரீரங்கத்துக்காரர், ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியர், என் வயதுதான். நெற்றியில் ஸ்ரீசூர்ணம் இல்லாமல் காலை டீக்கு வர மாட்டார். முதல் நாள் குழுக் கூட்டத்தில் நான் என் தவக்காலப் பெருமையைச் சொன்னபோது அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

“உமக்குத் தவக்காலம், எனக்கு மார்கழி ஓய். முப்பது நாளும் விடியல்ல குளிச்சு, பாசுரம் சேவிச்சு, துளி தொடமாட்டேன். தை ஒண்ணாந்தேதி ஆத்துல பானை பொங்கறதுக்கு முன்னாடி அடியேன் பொங்கிடுவேன்.”

தொட்டியத்து வாழைத்தார் வியாபாரி ஒருவர் மெல்லக் கையைத் தூக்கினார். “எனக்கு கார்த்திகைங்க. மாலை போட்டுட்டேன்னா நாப்பத்தோரு நாள்.” அறை முழுக்கச் சிரிப்பு. ஒவ்வொருவரிடமும் குடிகாரன் இல்லை என்பதற்கு ஒரு தெய்வச் சான்றிதழ் இருந்தது. அந்தச் சிரிப்புதான் எனக்கு அங்கே கிடைத்த முதல் நல்ல மருந்து. ஈஸ்டர் அங்கேயே வந்து போனது. கஞ்சிக்குப் பதில் அன்று கேசரி போட்டார்கள்.

மையத்தின் ஆலோசகர் ஒரு நோட்டு கொடுத்து, நடந்ததை எழுதச் சொன்னார். நான் கதை எழுதுகிறவன்தான். எங்கள் பங்குக் கோவில் மலரில் வருடத்துக்கு ஒன்று வரும். ஊதாரி மகன்கள் திருந்தி வரும் கதைகள் என் கையிலிருந்து நிறைய வந்திருக்கின்றன, அவற்றில் பாதியைப் போதையில்தான் எழுதினேன் என்பது வேறு விஷயம். ஆனால் என் கதையை எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. ஆண்டு முழுக்க அந்த நோட்டோடு மல்லுக்கட்டி, கடைசியில் சேவியர் என்று ஒருவனை உண்டாக்கி, என் வலிப்பையும் எறும்பையும் முசிறி டிக்கெட்டையும் அவன் தலையில் கட்டினேன். அதன் பிறகு கதை மளமளவென்று வந்தது. டிசம்பரில் முடித்துவிட்டேன். எங்கள் பங்குத் தந்தை படித்துவிட்டு, “ஈஸ்டர் மலர்ல முதல் கதையே இதுதான் சார்” என்றார்.

ஸ்டெல்லா படித்தாள். “இதுல சேவியர் பொண்டாட்டி வராந்தாவுல நின்னு தேம்பித் தேம்பி அழறாளே, அது யாரு?”

“கதைக்காக...”

“நான் எங்கங்க அழுதேன்? வேற யாரோட ரிப்போர்ட்டையோ நம்ம ஃபைல்ல வெச்சுட்டான்னு லேப்காரன்கிட்ட சண்டை போட்டுட்டு இருந்தேன். அதை எழுதுங்க. அழுதவளை எழுதாதீங்க.”

எழுதினேன். கதை உடனே நன்றாகிவிட்டது. வாழ்க்கையில் அவள் சொல் கேட்டு நான் உருப்பட்ட இடங்களில் அதுவும் ஒன்று.

வரதனுக்கு ஒரு பிரதி எடுத்துக்கொண்டு ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஸ்ரீரங்கம் போனேன். உத்திர வீதியில் அவர் வீடு. மார்கழி வருவதற்குப் பல மாதம் முன்பிருந்தே குடிக்காமல் இருந்த முதல் வருடம் அவருக்கு. என்னை உட்கார வைத்துப் படித்தார். கணக்கு நோட்டு திருத்துகிறவர் போல ஓரத்தில் ஒரு கோடு போட்டு நிமிர்ந்தார்.

“எல்லாம் சரி ஓய். உம்ம பொண்ணு எங்கே?”

“சேவியருக்குப் பிள்ளைங்க இல்லை வரதன்.”

“ஞாயித்துக்கிழமை தோறும் உம்மைப் பார்க்க வருவாளே, வாசல் பெஞ்சிலேயே உட்கார்ந்துட்டுப் போவாளே, அவளைக் கேக்கறேன். இதுல சேவியர் தானே டாக்டர்கிட்ட உண்மையைச் சொல்றான். நீர் அப்படியா சொன்னேர்?”

நான் அப்படிச் சொல்லவில்லை. கதையில் சேவியர் அந்த மயக்கத்திலும் டாக்டரின் கையைப் பிடித்து, “நான் குடிகாரன் டாக்டர்” என்கிறான். நல்ல காட்சி. ஃபாதருக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். காப்பாற்றியவளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் என்னை நிறுத்தியிருந்தேன். பதினாறு வயதுப் பெண் தன் அப்பாவின் குடியை அந்நியர் முன்னால் சொல்ல வேண்டி வந்தது என்ற வரியை எழுத எனக்குத் தைரியம் இல்லை. வீடு திரும்பியதிலிருந்து அவள் முகத்தை நேரே பார்த்துப் பேசவும் தைரியம் வரவில்லை. சாப்பிடக் கூப்பிடுவாள், போவேன். கேட்டதற்கு ம் என்பாள். என்னை நினைத்து அவமானப்படுகிறாள் என்று நினைத்தேன். இந்த நோய் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டவற்றில் பெரியது அவள்தான் என்று முடிவே கட்டியிருந்தேன்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, மேசை மேல் கிடந்த கதையை அவளே எடுத்துப் படித்திருக்கிறாள். மாலையில் என்னிடம் வந்தாள்.

“நல்லா இருக்குப்பா” என்றாள். தாள்களை அடுக்கி மேசை மேல் வைத்தாள். “என் மேல கோபம்னு தெரியும். அதுக்காகக் கதையில இல்லாமலேவாப்பா ஆக்கிடுவீங்க?”

“கோபமா? எனக்கா?”

“அன்னிக்கு ஆஸ்பத்திரில சொல்லிட்டேன்ல. அதுல இருந்து நீங்க என்னைப் பார்க்கறதே இல்ல.”

“கோபம் இல்லம்மா. வெட்கம். உன்னைப் பார்க்கவே வெட்கமா இருந்துச்சு.” இதைச் சொல்ல எனக்குப் பத்து மாதம் ஆகியிருந்தது. சொல்லி முடித்ததும் அழுதுவிட்டேன். ஜெனி அழவில்லை. அவள் அம்மாவைப் போல. அழ விட்டுவிட்டுத் துண்டை எடுத்துக் கொடுத்தாள்.

“உட்காரு” என்றேன். “அந்த இடத்தை நீயே சொல்லு. நான் எழுதறேன்.”

நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டாள். “டாக்டர் பேப்பரை நீட்டறாங்க. அம்மா பேனா வாங்கிட்டாங்க. அப்ப அந்தப் பொண்ணு சொல்றா, ‘அப்பா தினமும் குடிப்பாங்க. காலையிலயும் குடிப்பாங்க.’ டாக்டர், உனக்கு எப்ப இருந்து தெரியும்மான்னு கேக்கறாங்க. ஆறாங்கிளாஸ்ல இருந்துன்னு சொல்றா.”

பேனா நின்றுவிட்டது. காலையில் குடிப்பது யாருக்கும் தெரியாது என்றுதான் நான் அதுவரை நம்பியிருந்தேன்.

“ஸ்கூலுக்குக் கொண்டுவிடும்போது உங்க வாட்டர் பாட்டில்ல ஒரு வாய் குடிச்சேன்பா. துப்பிட்டேன். நீங்க ஹெல்மெட் மாட்டிட்டு இருந்தீங்க, பார்க்கல.”

“ஏம்மா அம்மாகிட்ட சொல்லல?” இதை நான் கதைக்காகக் கேட்கவில்லை.

“தவக்காலம் வந்தா விட்டுடுவீங்கல்ல. இந்தத் தடவை ஈஸ்டருக்கு அப்புறமும் அப்படியே இருந்துடுவீங்கன்னு நினைப்பேன். ஒவ்வொரு வருஷமும். ஈஸ்டர் அன்னிக்கு மத்தியானம் பிரியாணி சாப்பிடும்போதே உங்க வாசனை மாறிடும். எனக்கு ஈஸ்டரே பிடிக்காதுப்பா.”

ஈஸ்டர் மதியம் எங்கள் வீட்டில் என்னை விட உற்சாகமானவன் இருக்க மாட்டான். மச்சான்களைக் கட்டிப்பிடிப்பேன், பாடுவேன், ஜெனியின் தட்டில் கறியை அள்ளி வைப்பேன். அவள் அதைத் தின்னாமல் ஒதுக்கி வைப்பது எனக்குத் தெரியும். டயட் என்று நினைத்திருந்தேன். உயிர்ப்புப் பெருநாளை என் பிள்ளைக்கு நான் இப்படி ஆக்கி வைத்திருக்கிறேன். சொன்ன வரிசையிலேயே, ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதினேன். கை நடுங்கியது. இது பழைய நடுக்கம் இல்லை.

“எங்க முடிக்கலாம்?” என்று கேட்டேன்.

யோசித்தாள். “ஈஸ்டருக்கு மறுநாள். திங்கக்கிழமை. அந்த அப்பா டிபன் பாக்ஸ் எடுத்துக்கிட்டு ஆபீஸ் போறாரு. சாயங்காலம் வீட்டுக்கு வந்துடறாரு. அவ்வளவுதான்.”

“போன ஈஸ்டருக்கு மறுநாள் நான் குடிக்கலையேம்மா.”

“அங்க உள்ள இருந்தீங்க. அது சேராது.”

“சரி. எழுதிடறேன்.”

“இப்ப எழுதாதீங்கப்பா. நடந்ததும் எழுதுங்க.”

மறுபடியும் சாம்பல் புதன் வந்துவிட்டது. இந்த வருடம் விரதம் என்று எதையும் விட வேண்டாம் என்று ஆலோசகர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். எதையாவது விடாமல் தவக்காலத்துக்குள் நுழைவது, சட்டை போடாமல் தெருவில் இறங்கியது போல இருந்தது. ஸ்டெல்லாவிடம் புலம்பினேன். “கதை எழுதறதை விடுங்களேன். வீட்டுல பேப்பராவது குறையும்” என்றாள். மருந்து ஒன்று இன்னும் போகிறது. மாதம் ஒருமுறை மையத்துக்குப் போகிறேன். வரதன் வாரம் ஒருமுறை போன் செய்து, “இருக்கேரா ஓய்?” என்று கேட்பார். இருக்கேன் என்பேன். அந்த இரண்டு சொற்களுக்கு மேல் எங்களுக்குப் பல வாரங்களில் வேறு பேச்சே இருக்காது.

நேற்று மாலை பங்குத் தந்தை கூப்பிட்டார். ஜெனி மேசைக்கு அந்தப் பக்கம் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். போனில் அவர் குரல் அறை முழுக்கக் கேட்கும்.

“நாளைக்கு மலர் பிரஸ்ஸுக்குப் போகுது சார். ஏதோ மாத்தறேன்னு கதையைத் திருப்பி வாங்கிட்டுப் போனீங்களே?”

“இன்னும் முடியல ஃபாதர்.”

“டிசம்பர்லயே முடிஞ்சு நான் படிச்சேனே!”

“அது சரியில்ல ஃபாதர். அதைப் போட வேண்டாம்.”

“மக்களுக்கு நம்பிக்கை குடுக்கற மாதிரி ஒரு நல்ல முடிவா போட்டுக் குடுங்க சார். எத்தனை கதை எழுதியிருக்கீங்க, உங்களுக்குத் தெரியாததா?”

ஜெனி தலையைத் தூக்கி என்னையே பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன்.

“தெரியாது ஃபாதர்” என்றேன். “ஈஸ்டர் முடிஞ்ச திங்கக்கிழமை சாயங்காலம் கூப்பிடறேன். அதுக்கு முன்னாடி எனக்குத் தெரியாது.”